நிரலாக்கமும் ரோபோ செய்வதும்: தாமாகக் கற்கத் தொடங்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கணினி அறிவியலோ மின்னணுவியலோ படிக்காமல், வேலை முடிந்து வீடு திரும்பிய பின் கிடைக்கும் ஓரிரு மணி நேரத்தில் நிரல் எழுதவும் ரோபோ செய்யவும் கற்க விரும்புகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் வணிகவியல் படித்தவன். பகலில் பார்ப்பது கணக்கு வேலை. ஆகவே இவை வல்லுநர் ஒருவரின் பதில்கள் அல்ல. நான்கு வண்டிகளைச் செய்து, அவற்றுள் ஒன்றைப் புகைய விட்டு, இன்னொன்றை மாடிப்படியில் உருள விட்டவனின் பதில்கள்.

நிரலாக்கத்தை முதலில் கற்று முடித்துவிட்டுத்தான் ரோபோவுக்கு வரவேண்டுமா?

வேண்டியதில்லை. நிரலாக்கத்தைக் கற்று முடித்தவர் என்று எவரும் இல்லை என்பதால், அதற்காகக் காத்திருப்பவர் ரோபோவுக்கு வந்து சேரவே மாட்டார். இரண்டையும் சேர்த்துக் கற்பதில் ஒரு வசதியும் உண்டு. நிபந்தனை, மடக்கு (ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்வது), மாறி (ஒரு மதிப்பைக் குறித்து வைக்கும் இடம்) போன்றவற்றைத் திரையில் எண்களை அச்சிட்டுக் கற்கும்போது அவை ஏன் இருக்கின்றன என்றே சிலருக்குப் பிடிபடுவதில்லை. "முன்னால் 20 செ.மீ.க்குள் சுவர் இருந்தால் நில், இல்லாவிட்டால் போ" என்று ஒரு வண்டிக்குச் சொல்லும்போது, நிபந்தனையைத் தலைகீழாக எழுதியிருந்தால் வண்டி சுவரில் போய் முட்டும். அந்தப் பாடம் எளிதில் மறக்காது. ஆனால் வண்டியைக் கட்டுவதற்கு முன், ஒரு சிறு விளக்கை எரியவைத்து அணைப்பது, ஒரு பொத்தானை அழுத்தியதும் அதை ஒளிரச் செய்வது ஆகிய இரண்டையும் பார்த்து எழுதாமல் எழுத வரும்வரை பொறுத்திருங்கள். அதற்குப் பத்து நாள் மாலைப்பொழுது போதும்.

ரோபோ என்று சொல்லத் தகுந்த மிக எளிய பொருள் எது?

பலர் நடக்கும், பேசும், கைகுலுக்கும் உருவத்தையே மனத்தில் வைத்திருக்கிறார்கள். சூழலை உணர்ந்து, அதற்கேற்ப முடிவெடுத்து, உடலால் செயல்படுகிற எதுவும் ரோபோதான். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் நரம்பியல் ஆய்வு செய்துவந்த கிரே வால்டர் 1948, 1949ஆம் ஆண்டுகளில் எல்மர், எல்சி என்று சக்கரத்தில் ஓடும் 'ஆமை'கள் இரண்டைச் செய்தார். ஒவ்வொன்றிலும் இருந்தவை இரண்டு வெற்றிடக் குழல்கள், ஓர் ஒளியுணரி, ஒரு தொடுவுணரி. கணினியும் இல்லை, நிரலும் இல்லை. ஆனாலும் அவை வெளிச்சத்தைத் தேடிப் போயின; முட்டிக்கொண்டால் விலகிச் சுற்றின. தொடக்கநிலையில் நம் இலக்கும் அவ்வளவுதான்: இரண்டு மோட்டார், இரண்டு சக்கரம், முன்னாலோ பின்னாலோ தாங்கிக்கொள்ள ஓர் உருளைச்சக்கரம், தடை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று சொல்ல ஓர் உணரி. இடச்சக்கரம் வேகமாகச் சுழன்றால் வண்டி வலப்புறம் திரும்பும். கைப்பிடியும் அச்சாணித் திருப்பமும் வேண்டாம் என்பதே இந்த அமைப்பின் அழகு.

எந்தப் பலகையை வாங்குவது?

பலகை என்பது வண்டிக்கு மூளையாக இருந்து நிரலை ஓட்டும் சிறு மின்சுற்று அட்டை. நான் சொல்வது ஆர்டுயினோ ஊனோ. அதிலும் பழைய ஆர்3 வகை.

இத்தாலியின் இவ்ரேயா நகரில் இருந்த ஒரு வடிவமைப்புக் கல்விக்கூடத்தில், மின்னணுவியல் தெரியாத மாணவர்கள் பயன்படுத்துவதற்கென்றே 2005இல் தொடங்கியது ஆர்டுயினோ. அவ்வூரில் அதை உருவாக்கியவர்கள் கூடிவந்த மதுக்கூடத்தின் பெயரே பலகைக்கு வந்தது. மதுக்கூடத்துக்கோ 1002இல் இத்தாலிக்கு மன்னரான ஆர்டுயினின் பெயர். வரைபடங்கள் யாவும் திறந்த உரிமத்தில் வெளியிடப்பட்டதால் எவரும் அதே பலகையைச் செய்து விற்கலாம். நம் கடைகளில் மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் அப்படிச் செய்யப்பட்ட படிகள். தொடக்கத்துக்கு அவை தாராளமாகப் போதும்.

ஊனோவின் திறன் இன்றைய அளவில் மிகச் சிறியது: 32 கிலோபைட் நிரல் நினைவகம், 2 கிலோபைட் தற்காலிக நினைவகம், நொடிக்கு ஒரு கோடியே 60 இலட்சம் துடிப்பு. கைபேசியில் எடுக்கும் ஒரு படத்தைக்கூட அதற்குள் வைக்க முடியாது. இருந்தும் நான் அதைச் சொல்வதற்குக் காரணம், அது அடி தாங்கும் என்பதே. 5 வோல்ட்டில் இயங்குவதால் மலிவான உணரிகளில் பெரும்பாலானவை அதனோடு ஒத்துப்போகின்றன. நீங்கள் செய்யப்போகும் ஒவ்வொரு தவற்றையும் உங்களுக்கு முன் யாரோ ஒருவர் இதே பலகையில் செய்து, தீர்வையும் எழுதி வைத்திருக்கிறார்.

வைஃபையும் புளூடூத்தும் வேண்டுமென்றால் இஎஸ்பி32 நல்ல பலகைதான், விலையும் அதிகமில்லை. ஆனால் அது 3.3 வோல்ட் பலகை. 5 வோல்ட் உணரியின் வெளியீட்டை அப்படியே அதில் செருகினால் பழுதாகலாம். 2021இல் வந்த ராஸ்பெரி பை பிக்கோவும் 3.3 வோல்ட் பலகைதான். பிக்கோ இல்லாத, முழு ராஸ்பெரி பை என்பது லினக்ஸ் இயங்குதளம் ஓடுகிற ஒரு குட்டிக் கணினி. கேமரா வைத்துப் படங்களைப் பகுத்தறிய வேண்டிய நாள் வரும்போது அதை நினைத்துக்கொள்ளலாம்.

பைத்தானா, சி++ மொழியா?

ஊனோவில் சி++தான், அதுவும் அதன் எளிய ஒரு பகுதிதான். பிக்கோ, இஎஸ்பி32 ஆகியவற்றில் பைத்தானின் சிறு வடிவமான மைக்ரோபைத்தான் ஓடும். இந்த விவாதத்தில் செலவழியும் நேரத்தில் இரண்டில் ஒன்றைக் கற்றுவிடலாம் என்பது என் கருத்து. கணினியில் மட்டும் கொஞ்சம் பழகிப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: பைத்தானை நிறுவும்போதே அதனுடன் ஆமை என்னும் பொருள்படும் 'டர்ட்டில்' தொகுதியும் வந்துவிடுகிறது. முன்னே 100 அடி, இடப்பக்கம் 90 பாகை என்று சொல்லி, திரையில் ஒரு சதுரத்தையும் பின்னர் நம் வாசலில் போடும் சிக்குக் கோலத்தையும் வரையப் பாருங்கள். வண்டியை ஓட்டுவதற்கு அதைவிட நல்ல ஒத்திகை கிடையாது.

ஆங்கிலமும் கணிதமும் எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்?

நிரல் மொழியில் அடிக்கடி வரும் ஆங்கிலச் சொற்கள் முப்பதுக்குள் அடங்கும். அவற்றை மொழி என்று கருதாமல் சின்னங்களாகவே பழகிக்கொள்ளலாம். கடினமாக இருப்பது பிழைச்செய்தி. அதில் முதல் பிழையை மட்டும் படியுங்கள். வரி எண்ணைப் பாருங்கள். அந்த வரியிலோ அதற்கு முந்தைய வரியிலோ ஓர் அரைப்புள்ளியோ அடைப்புக்குறியோ விடுபட்டிருக்கும். அதற்குப் பின்னால் வரிசையாக வரும் இருபது செய்திகளும் பெரும்பாலும் அந்த ஒன்றின் எதிரொலிதான்.

கணிதத்தில், ஓமின் விதிக்குத் தேவையான வகுத்தலும் விகிதமும் போதும். இயந்திரக் கை செய்யப் போகும்போது பத்தாம் வகுப்பு முக்கோணவியலைத் தூசு தட்ட வேண்டியிருக்கும்.

தமிழிலேயே கற்க வழி உண்டா?

உண்டு, ஆனால் பாதி தூரம்வரை. மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுட்டோரியல் திட்டத்தில் லினக்ஸ், சி போன்றவற்றுக்குத் தமிழ்க் குரலில் காணொளிகள் இருக்கின்றன. தமிழ்ச் சொற்களாலேயே நிரல் எழுதும் எழில் என்ற மொழியும் இருக்கிறது. ஒரு குழந்தைக்கு நிரல் என்றால் என்ன என்று காட்ட நான் அதைப் பயன்படுத்தியிருக்கிறேன். ஆனால் ஒரு மோட்டார் இயக்கிப் பலகையின் விவரத்தாள் தமிழில் வருவதில்லை. ஆகவே கருத்துகளைத் தமிழில் புரிந்துகொண்டு, விவரத்தாளை ஆங்கிலத்தில் மெல்ல எழுத்துக்கூட்டிப் படிப்பது என்ற இரட்டை வழியில்தான் போக வேண்டியிருக்கிறது.

என்னென்ன பொருள்கள் வேண்டும்? எங்கே வாங்குவது?

ஊனோ பலகை ஒன்று, அதற்கான யுஎஸ்பி கேபிள், பற்றவைக்காமல் செருகியே மின்சுற்று அமைக்க உதவும் பிரெட்போர்டு, அதில் செருகும் ஜம்பர் ஒயர்கள், சில எல்இடி விளக்குகள், 220 ஓம் மின்தடைகள், எல்298என் என்ற மோட்டார் இயக்கிப் பலகை, மஞ்சள் நிறத்தில் பல்சக்கரப் பெட்டியோடு வரும் 'பிஓ மோட்டார்' இரண்டு, அதற்கேற்ற சக்கரங்கள், எச்சி-எஸ்ஆர்04 என்ற மீயொலி உணரி. மல்ட்டிமீட்டர் ஒன்றைக் கட்டாயம் வாங்குங்கள். மிக மலிவானதே போதும். அடித்தளத்துக்கு அட்டையோ, பழைய டிபன் பாக்ஸ் மூடியோ போதும். கணினி பழையதானாலும் பரவாயில்லை.

சென்னையில் இருப்பவர்களுக்கு அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு இருக்கிறது. அங்கே போவதற்கு முன் பொருள்களின் எண்களைச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். "ரோபோ செய்ய வேண்டும், என்ன வாங்கலாம்" என்று கேட்டால் தேவையில்லாத ஒரு பெட்டியோடுதான் திரும்புவீர்கள். மோட்டாரை வாங்கும்போது, இரண்டையும் கடையிலேயே ஒரே பேட்டரியில் ஓடவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். வெளியூரில் இருப்பவர்கள் இணையக் கடைகளில் வாங்கலாம். ஆனால் மோட்டாரை ஒன்று கூடுதலாகவே வாங்கி வைப்பது நல்லது.

பொருள் எதுவும் வாங்காமல் தொடங்க முடியாதா?

முடியும். டிங்கர்கேட், வோக்வி ஆகிய இரண்டு தளங்களிலும் ஊனோவை உலாவியிலேயே இலவசமாக ஓட்டிப் பார்க்கலாம். ஆனால் அங்கே ஒயர் தளர்வதில்லை, பேட்டரி இறங்குவதில்லை. நீந்துவதை மேசைமேல் படுத்துக் கற்பது போன்றதாகையால், ஒரு மாதத்துக்குமேல் அங்கேயே தங்கிவிட வேண்டாம்.

பலகையை இணைத்தேன், கணினி அதைக் கண்டுகொள்ளவே இல்லை. பலகை பழுதா?

பெரும்பாலும் இல்லை. முதலில் கேபிளை மாற்றுங்கள். கைபேசிக்கு மின்னேற்ற மட்டும் செய்யும் சில கேபிள்களில் தகவல் கம்பி இருப்பதே இல்லை. பலகையில் விளக்கு எரியும், ஆனால் கணினிக்கு எதுவும் தெரியாது. அடுத்து, மலிவான படிகளில் சிஎச்340 என்ற தொடர்புச் சில்லு இருக்கும்; அதற்குரிய இயக்கி மென்பொருளைச் சில கணினிகளில் தனியே நிறுவ வேண்டும். உபுண்டு போன்ற லினக்ஸில் பலகை தெரிந்தும் நிரல் ஏறாவிட்டால், உங்கள் பயனர் பெயர் 'டயல்அவுட்' குழுவில் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

எல்இடிக்கு முன்னால் மின்தடை எதற்கு? வைக்காமலும் எரிகிறதே.

எரியும், எவ்வளவு நேரம் என்பதுதான் கேள்வி. சிவப்பு எல்இடி தனக்கென்று ஏறத்தாழ 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும். மீதி 3 வோல்ட்டைத் தாங்க எதுவும் இல்லாவிட்டால், விளக்கும் பலகையின் முனையும் தாங்கக்கூடியதைவிட அதிக மின்னோட்டம் பாயும். 3 வோல்ட்டை 220 ஓமால் வகுத்தால் 13 மில்லி ஆம்பியரை ஒட்டி வருகிறது. ஊனோ ஆர்3இன் ஒரு முனையிலிருந்து 20 மில்லி ஆம்பியருக்குள் எடுப்பதே நல்லது; 40 என்பது ஒருபோதும் தாண்டக்கூடாத எல்லை. மின்தடையின் வண்ணக் கோடுகள் சிவப்பு, சிவப்பு, பழுப்பு என்று வரிசையாக இருந்தால் அது 220 ஓம். மோட்டாரை ஏன் நேராகப் பலகையின் முனையில் இணைக்கக்கூடாது என்ற கேள்விக்கும் விடை இதே எண்களில் இருக்கிறது: அதற்கு நூற்றுக்கணக்கான மில்லி ஆம்பியர் வேண்டும். இடையில் இயக்கிப் பலகை இருப்பது அதனால்தான்.

மோட்டார் சுழலத் தொடங்கியதும் பலகை அணைந்து மீண்டும் எரிகிறது. என் நிரலில் என்ன தவறு?

நிரலில் எதுவும் இல்லை. இந்தக் கேள்வியைப் படித்ததும் என் முதல் வண்டிதான் நினைவுக்கு வருகிறது.

அதற்கு நான் வைத்திருந்தது ஒரு 9 வோல்ட் பேட்டரி. மேலே இரண்டு பொத்தான் போன்ற முனைகளோடு வருகிற சதுரப் பேட்டரி. சக்கரங்களைத் தூக்கிப் பிடித்தால் சுழன்றன. தரையில் வைத்ததும் ஒரு சிறு துள்ளல், உடனே நிறுத்தம், மறுபடி ஒரு துள்ளல். மூன்று நாள் மாலை நிரலையே திருத்தித் திருத்தி எழுதினேன். ஒவ்வொரு துள்ளலுக்குப் பின்னும் 13ஆம் முனையின் சிறு விளக்கு படபடவென்று மின்னியதைப் பார்த்தும் அதன் பொருள் எனக்கு விளங்கவில்லை. பலகை முதலிலிருந்து மீளத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் அந்த விளக்கு அப்படி மின்னும் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். நான்காம் நாள், பக்கத்துத் தெருவில் டிவி பழுதுபார்க்கும் பெரியவரிடம் வண்டியை எடுத்துப்போனேன். அவர் நிரலைக் கேட்கவே இல்லை. மீட்டரின் இரு முனைகளையும் பேட்டரியில் வைத்துக்கொண்டு வண்டியைத் தரையில் விடச் சொன்னார். 8.9 காட்டிய மீட்டர், மோட்டார் அசைந்த கணத்தில் 4க்குக் கீழே விழுந்தது. "தம்பி, தாகம்னு நிக்கிறவன்கிட்ட சொட்டு மருந்து பாட்டிலை நீட்டியிருக்கீங்க" என்றார்.

அவர் சொன்னது துல்லியமான விளக்கம். அந்தச் சதுரப் பேட்டரி, மல்ட்டிமீட்டர், புகை எச்சரிப்பான் போன்று சில மில்லி ஆம்பியரே கேட்கும் கருவிகளுக்கானது; அதன் உள்தடை அதிகம். பிஓ மோட்டாரோ, நின்ற நிலையிலிருந்து நகரத் தொடங்கும்போதும் எதிலாவது முட்டி நிற்கும்போதும் ஓர் ஆம்பியரை நெருங்கவும் தாண்டவும் கூடும். கேட்டதைக் கொடுக்க முடியாத பேட்டரியின் மின்னழுத்தம் சரிகிறது; சரிந்ததும் பலகையின் சில்லு மீளத் தொடங்குகிறது; மோட்டார் நிற்பதால் மின்னழுத்தம் மீள்கிறது; நிரல் மறுபடி மோட்டாரை ஓட்டுகிறது. இப்படியே அது துள்ளிக்கொண்டிருக்கும்.

இதற்குத் தீர்வு, மறுமின்னேற்றம் செய்யத்தக்க பென்சில் பேட்டரிகள் ஆறையோ, 18650 என்ற லித்தியம் மின்கலங்கள் இரண்டையோ தொடராக இணைத்து வைப்பதே. எல்298என் பழைய வகைச் சில்லு. மோட்டாருக்குப் போகும் வழியில் ஏறத்தாழ 2 வோல்ட்டைத் தானே விழுங்கி வெப்பமாக்கிவிடும். 7.4 வோல்ட் கொடுத்தால் மோட்டாருக்கு 5 வோல்ட்டுக்குச் சற்று மேல் சேரும், அது போதும். நான்கு சாதாரணப் பென்சில் பேட்டரிகளின் 6 வோல்ட் என்றால் சேர்வது 4தான்; வண்டி கிழவர்போல் நகரும். அப்படிப்பட்ட இடத்தில் டிபி6612 என்ற இயக்கி மேலானது.

இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு குறையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பலகைக்கு ஒரு பேட்டரி, மோட்டாருக்கு ஒரு பேட்டரி என்று தனித்தனியே வைத்தால், இரண்டின் எதிர்முனைகளும், அதாவது கிரவுண்டு கம்பிகளும், ஒன்றாக இணைந்திருக்க வேண்டும். மின்னழுத்தம் என்பது எப்போதும் இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான வேறுபாடு. பொதுவான அடிப்புள்ளி இல்லையென்றால், பலகை அனுப்பும் 5 வோல்ட் எதற்கு மேலான 5 என்று இயக்கிக்குத் தெரியாது. வண்டி சில நேரம் ஓடும், சில நேரம் ஓடாது. சில நேரம் மட்டும் ஓடுகிற எதையும் கண்டால் முதலில் கிரவுண்டைத் தேடுங்கள்.

உணரி தரும் தூரம் தாறுமாறாக மாறுகிறதே?

எச்சி-எஸ்ஆர்04 என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். நம் காதுக்குக் கேட்காத 40 கிலோஹெர்ட்ஸ் ஒலியை அது அனுப்பி, எதிரொலி திரும்பி வர எடுக்கும் நேரத்தைச் சொல்கிறது. போய் வரும் பயணத்தில் ஒரு செ.மீ. தூரத்துக்கு ஏறத்தாழ 58 மைக்ரோநொடி. வௌவால் செய்வதும் இதுதான். ஒலியை உறிஞ்சும் திரைச்சீலையும் சோபாவும் அதன் கண்ணில் படாமல் போகலாம்; சாய்வாக நிற்கும் சுவர் ஒலியை வேறு பக்கம் தள்ளிவிடும். ஒலியின் வேகம் வெப்பத்தோடு கூடுவதால், 20 பாகையில் எழுதிய கணக்கு நம் ஊர் மே மாத மதியத்தில் ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ மூன்று செ.மீ. பிசகும். வண்டிக்கு அது பெரிதில்லை.

பெரிதாகப் படுத்துவது வேறொன்று. எதிரொலி உரிய நேரத்தில் வராதபோது 0 என்ற எண்ணைத் திருப்பித் தரும் நூலகங்கள் (பிறர் எழுதி வைத்த ஆயத்த நிரல்கள்) உள்ளன. அந்த 0 "எதுவும் தெரியவில்லை" என்ற பொருளில் வருகிறது. நிரலோ அதை "சுவர் மூக்கின்மேல் இருக்கிறது" என்று எடுத்துக்கொள்ளும். திறந்த வெளியில் வண்டி காரணமே இல்லாமல் நின்று நின்று திரும்பினால், 0 வந்தால் அதைப் பொருட்படுத்தாதே என்று ஒரு வரி சேருங்கள்.

வண்டி அரை நிமிடம் ஒழுங்காக ஓடுகிறது. பிறகு பித்துப் பிடித்ததுபோல் ஆகிறது. இதற்கும் பேட்டரிதான் காரணமா?

பேட்டரி சரியாக இருக்கிறதென்றால், கைக்கடிகாரத்தை வைத்து நேரத்தைக் குறியுங்கள். ஒவ்வொரு முறையும் 33ஆவது நொடியை ஒட்டியே தொடங்குகிறதா? அப்படியானால் இது நிரலில் உள்ள பிழைதான், அழகான பிழையும்கூட.

தடையைக் கண்டதும் அரை நொடி திரும்பு என்பதற்காக, திரும்பத் தொடங்கிய நேரத்தை ஒரு மாறியில் குறித்து வைக்கிறோம். பலகை விழித்ததிலிருந்து எத்தனை மில்லிநொடி ஆயிற்று என்று சொல்லும் 'மில்லிஸ்' என்ற செயற்கூற்றிலிருந்து அந்த எண் வருகிறது. மாறியை முழு எண் என்று பொருள்படும் 'இன்ட்' வகையாக அறிவித்திருந்தால், ஊனோ ஆர்3இல் அதில் அடங்கும் மிகப் பெரிய எண் 32,767தான். அதாவது 32.767 நொடிகள். அதைத் தாண்டியதும், ஓடோமீட்டர் சுற்றி வருவதுபோல் மாறி எதிர்ம எண்ணுக்குப் போய்விடுகிறது. நிகழ்காலத்திலிருந்து அந்தத் தவறான தொடக்க நேரத்தைக் கழிக்கும்போது ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகிவிட்டதாக விடை வருகிறது. அரை நொடி எப்போதோ முடிந்ததென்று நிரல் முடிவு செய்து, திரும்புவதைத் தொடங்கிய கணத்திலேயே கைவிடுகிறது. வண்டி சுவர் முன்னால் நின்று நடுங்கிக்கொண்டே இருக்கும்.

அந்த மாறியைக் 'அன்சைன்டு லாங்' வகையாக மாற்றினால் போதும். அப்போது அது சுற்றி வருவதற்கு 49 நாள்களுக்கு மேல் ஆகும். 'டிலே' என்ற கட்டளையைப் பயன்படுத்தினால் இந்தச் சிக்கலே வராது என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் டிலே என்பது வண்டியைக் கண்ணை மூடிக்கொண்டு நடக்கச் சொல்வது. அந்த அரை நொடியில் அது உணரியைப் பார்க்காது. மாடிப்படியில் உருண்ட என் வண்டி அப்படித்தான் உருண்டது.

பிழை எந்தப் பக்கம் இருக்கிறது என்று எப்படிப் பிரித்தறிவது?

நிரல், மின்சுற்று, இயந்திரம் என்று மூன்று இடங்களில் ஒன்றில்தான் அது இருக்கும். ஆனால் நிரலைத் திருத்துவது நாற்காலியிலிருந்து எழாமல் செய்யக்கூடியது என்பதால் நாம் எப்போதும் அங்கேயே தேடுகிறோம். நான் இப்போது பின்பற்றுவது எதிர்வரிசை. முதலில் சக்கரத்தைக் கையால் சுழற்றி, முடி சிக்கியிருக்கிறதா, அச்சு உராய்கிறதா என்று பார்ப்பேன். பிறகு மீட்டரை எடுத்து, ஓடும்போது பேட்டரியிலும் பலகையின் 5 வோல்ட் முனையிலும் என்ன வருகிறது என்று அளப்பேன். அதன்பின் ஒவ்வொரு ஒயரையும் மெல்ல இழுத்துப் பார்ப்பேன். ஜம்பர் ஒயர்கள் வெளியே முழுதாகத் தெரிந்தாலும் உள்ளே அறுந்திருப்பதுண்டு. இவையெல்லாம் சரி என்று ஆன பிறகே நிரல். அங்கும் யோசிப்பதற்கு முன், உணரி தரும் எண்ணைச் 'சீரியல் மானிட்டர்' சாளரத்தில் அச்சிட்டுப் பார்ப்பேன். நாம் இருக்குமென்று நினைத்த எண்ணும் அங்கே ஓடுகிற எண்ணும் வேறாக இருப்பதைக் கண்ட கணத்தில் பாதி வேலை முடிந்துவிடும்.

செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் கேட்டால் நிரலை எழுதித் தந்துவிடுகிறதே. நான் ஏன் கற்க வேண்டும்?

தடையை விலக்கிச் செல்லும் வண்டிக்கான நிரலை அது நொடிகளில் தரும். பெரும்பாலும் ஓடவும் செய்யும். ஓடாதபோது, உங்கள் கிரவுண்டு கம்பி கழன்றிருப்பது அதற்குத் தெரியாது. நீங்கள் "ஓடவில்லை" என்றதும் அது மன்னிப்புக் கேட்டு வேறொரு நிரலைத் தரும், அதுவும் ஓடாது. நண்பர் ஒருவர் இப்படியே ஏழு நிரல்கள் வரை போனார். கடைசியில் கோளாறு ஒரு சுவிட்சில் இருந்தது. பிழைச்செய்தியைத் தமிழில் விளக்கச் சொல்வதற்கும், நீங்கள் எழுதியதில் குறை காணச் சொல்வதற்கும் அதைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். அது தந்த நிரலில் ஒரு வரியை அழித்தால் வண்டி என்ன செய்யும் என்று முன்கூட்டியே சொல்ல முடிந்தால், அந்த நிரல் உங்களுடையதுதான்.

ஆபத்து ஏதும் உண்டா?

லித்தியம் மின்கலத்தைப் பற்றி மட்டும் உண்மையாகவே அஞ்சுங்கள். அதன் இரு முனைகளும் ஒரு சாவிக்கொத்தின் வழியாகத் தொட்டுக்கொண்டால்கூடத் தீப்பிடிக்கலாம். சட்டைப்பையில் வெறுமனே போட்டுக்கொண்டு போகாதீர்கள். மின்கலம் ஒவ்வொன்றும் 4.2 வோல்ட்டைத் தாண்டாமல் நிறுத்திக்கொள்ளும் உரிய சார்ஜரில் மட்டுமே ஏற்றுங்கள். ஏற்றிவிட்டு உறங்கப் போகாதீர்கள். உப்பியதை உடனே ஒதுக்குங்கள். சால்டரிங் கம்பியில் பெரும்பாலும் ஈயம் கலந்திருக்கும். சன்னலைத் திறந்து வைத்து வேலை செய்து, பிறகு கையைச் சோப்பால் கழுவிவிட்டே சாப்பிட உட்காருங்கள். வீட்டு 230 வோல்ட் மின்சாரத்தின் பக்கம் முதல் ஆண்டில் போகவே வேண்டாம்.

எவ்வளவு காலம் ஆகும்?

வாரத்துக்கு ஆறு மணி நேரம் ஒதுக்கினால், தடையை விலக்கிச் செல்லும் வண்டி இரண்டு முதல் மூன்று மாதங்களில் ஓடும். அதில் நிரல் எழுதுவது சில மணி நேரம்தான்.

வண்டி ஓடிவிட்டது. அடுத்து என்ன?

அதை நேர்கோட்டில் ஓட்டிப் பாருங்கள். எளிய வேலைபோல் தோன்றும். ஆனால் ஒரே பெட்டியில் வந்த இரண்டு மோட்டார்களும் ஒரே வேகத்தில் சுழல்வதில்லை என்பதால், மூன்று மீட்டருக்குள் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து போகும். ஒரு மோட்டாரின் வேகத்தை எண்ணால் குறைத்துச் சமன் செய்தால், பேட்டரி இறங்கியதும் அந்த எண் பொருந்தாமல் போகும். சக்கரம் எத்தனை முறை சுழன்றது என்று எண்ணிச் சொல்லும் என்கோடரைப் பொருத்தி, இரு எண்ணிக்கைகளின் வேறுபாட்டைக்கொண்டு வேகத்தைத் திருத்தத் தொடங்கும்போது, பின்னூட்டக் கட்டுப்பாடு என்ற பெரிய துறையின் வாசலுக்கு வந்துவிட்டீர்கள். தரையில் ஒட்டிய கறுப்புப் பட்டையைப் பின்தொடரும் வண்டியிலும் இதே கணக்குதான் வரும். அகச்சிவப்பு உணரிகளை வெயில் குழப்பும் என்பதால் அதை மாலையில் சோதியுங்கள்.

அதன் பிறகு, வரைபடம் வரைந்து வழி தேடும் ரோபோ செய்ய ஆசை வந்தால், ராஸ்பெரி பையும் ராஸ் எனப்படும் ரோபோ மென்பொருள் கட்டமைப்பும் உங்களுக்காகக் காத்திருக்கின்றன. ஆய்வகங்களிலும் தொழிற்கூடங்களிலும் பயன்படுத்துவது அதைத்தான் என்பதற்காக முதல் மாதமே அதில் இறங்கி, நிறுவுவதிலேயே களைத்துப் போனவர்களை எனக்குத் தெரியும்; சக்கரத்தையும் உணரியையும் கையால் அறிந்த பின்னர் போனால் அது அவ்வளவு மிரட்டுவதில்லை. அங்கே தொடக்கநிலையில் தரப்படும் பயிற்சி, நீலத் திரையில் ஓர் ஆமையை முன்னும் பின்னும் நகர்த்துவது. குழந்தைகளுக்காக 1967இல் உருவான லோகோ மொழியின் கட்டளைகளுக்குக் கீழ்ப்படிந்து, பிற்பாடு தரையில் ஊர்ந்து கோடு வரைந்த ஆமையின் வழிவந்தது அது.